நாங்கள் கேட்டு வாங்கிய காவல்

கரிக்கடைக் கொலை நடந்த மறுநாள் காலை நான் போய்ப் பார்த்தேன். என்னை யாரும் அனுப்பவில்லை. சண்டைக்கு முன் சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் செய்தி எழுதிக்கொண்டிருந்தேன். ஜப்பான்காரன் வந்ததும் பத்திரிகை நின்றது. மலாக்காவில், காஜா பெராங்கில் இருந்த அக்கா வீட்டுக்கு வந்து சேர்ந்தேன். எழுத இடமில்லாமல் போன பிறகும், ஏதாவது நடந்த இடத்துக்குக் கால் தானாகப் போய்விடும்.

கடை, தெங்கேராவுக்குத் திரும்பும் முனையில் இருந்தது. அதன் பின்கட்டிலேயே கடைக்காரனும் மனைவியும் குடியிருந்தார்கள். நடுத்தர வயதுச் சீனர்கள். இருவரையும் பாராங்கத்தியால் வெட்டியிருந்தார்கள். நான் போனபோது உடல்களை எடுத்தாகிவிட்டது. தரையில் இருந்த ரத்தத்தை அவர்கள் விற்ற கரியின் தூளையே கொட்டி மூடியிருந்தார்கள். அரிசி மூட்டையும் தையல் மிஷினும் காணோம். பின்கதவின் தாழ்ப்பாள் உடையவில்லை, வளையக்கூட இல்லை. மேசைமேல் சோளக் காப்பி குடித்த கோப்பைகள் இருந்தன. இரண்டு பேர் வாழ்ந்த வீட்டில் மூன்று கோப்பை. தெரிந்தவன் ஒருவனுக்குக் கதவைத் திறந்து, உட்காரவைத்து, காப்பி கொடுத்திருக்கிறார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அத்தானிடம் இதைச் சொன்னேன். அத்தான், அக்காவின் கணவர், சாலையோரம் மளிகைக் கடை வைத்திருந்தார். பெயர்தான் மளிகை, அப்போது அதில் உப்பும் தேங்காய் எண்ணெயும் காய்ந்த மரவள்ளியும் தவிர வேறு ஒன்றும் இருக்காது.

"நாலு பேராம்," என்றார் அவர்.

"யார் சொன்னது?"

"எல்லாரும்தான் சொல்றாங்க."

மத்தியானத்துக்குள் ஊர்ப்பேச்சில் அந்த நாலு பேர் கையிலும் பாராங்கத்தி வந்துவிட்டது. சாயங்காலம், அவர்கள் தமிழில் பேசிக்கொண்டே ஓடியதைக் காதால் கேட்ட ஒருவர் இருப்பதாகப் பேச்சு வந்தது. அந்த ஒருவரைத் தேடினேன். பால்காரரைக் கேளுங்கள் என்றார்கள். பால்காரர் சலவைக்காரரைக் கேட்கச் சொன்னார். சலவைக்காரர், "உங்க அத்தான்தானே என்கிட்ட சொன்னாரு," என்றார்.

தமிழில் பேசியவர்கள் என்றால் யார் என்று யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ரப்பர் தோட்டங்களிலிருந்து ரயில் பாதை போட ஜப்பான்காரன் சயாமுக்கு ஏற்றிக்கொண்டு போன ஆட்களில் சிலர் தப்பித் தெற்கே நடந்து வந்துகொண்டிருந்தார்கள். இடுப்பில் சாக்குத் துணி, காலில் ஆறாத புண். பகலில் ரப்பர்க் காட்டில் படுத்திருந்து, இருட்டுகிற நேரத்தில் வீடுகளின் பின்பக்கம் வருவார்கள். பிடிபட்டால் மறுபடியும் சயாம், இல்லாவிட்டால் அதைவிட மோசம். பார்த்தும் பார்க்காததுபோல் இருப்பது எங்கள் சந்தின் வழக்கமாக இருந்தது. முடிந்தவர்கள் கொஞ்சம் மரவள்ளியை வாழை மட்டையில் வைத்துப் பின்படியில் விட்டுவிட்டு உள்ளே போய்விடுவார்கள்.

அப்படித் தவறாமல் வைத்தவள் மாமி. எதிர்வீட்டுக்காரி. எங்கள் சந்தின் அந்த வரிசையோடு, பல தலைமுறைக்கு முன் மலாக்காவுக்கு வந்து தங்கிவிட்ட செட்டிகளின் ஊரான கம்போங் செட்டி தொடங்கிவிடும். செட்டிகளின் கோயிலும் சாமியும் எங்களுடையவைதான். வீட்டுப் பேச்சு மட்டும் பல தலைமுறையாக மலாய். உறவுச் சொற்களில் தமிழ் ஒட்டிக்கொண்டிருந்தது, அதனால் அவள் எங்களுக்கும் மாமி. கணவர் இல்லை, மகனும் மருமகளும் கூட இருந்தார்கள். பழைய சாரோங்குகளைப் பிரித்துச் சட்டை தைத்து விற்றுத்தான் மூன்று பேரும் சாப்பிட்டார்கள். இங்கே நான் தமிழில் எழுதும் அவள் பேச்செல்லாம் மலாயில் பேசியது.

கொலைக்கு முன்பே ஊர்க்காவல் என்று ஒன்று இருந்தது. இரவில் வீட்டுக்கு ஓர் ஆள் தடியோடு சந்தைச் சுற்றிவர வேண்டும் என்பது ஜப்பான்காரன் உத்தரவு. நாங்கள் அதைப் பெரிய தொந்தரவாக நினைத்தோம். தலைவராக்கப்பட்ட அத்தானே கையில் கட்டும் பட்டையைச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு அலைவார். முறை வருகிற நாளில் எல்லோருக்கும் வயிற்றுவலி வரும். வந்தவர்களும் கோயில் மதிலோரம் சீட்டாடிவிட்டுப் படுத்துக்கொள்வார்கள். தேங்காய் திருடுகிறவன் அகப்பட்டால் இரண்டு அறை கொடுத்து, கோயில் வாசலைக் கூட்டச் சொல்லி விரட்டிவிடுவோம். போலீஸ் காதுக்கு எதுவும் போகாது. போகவிடக்கூடாது என்று பேசிவைத்துக்கொள்ளாமலே எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

கொலைக்குப் பிறகு கோயில் வாசலில் கூடினோம். பெண்களும் வந்திருந்தார்கள். யாருக்கும் வயிற்றுவலி இல்லை.

நான் தாழ்ப்பாளைப் பற்றியும் கோப்பைகளைப் பற்றியும் சொன்னேன். "தெரிஞ்சவன்தான் செஞ்சிருக்கணும்," என்றேன்.

"பேப்பர்காரரே," என்றார் சலவைக்காரர், "உங்க பேப்பரத்தான் இழுத்து மூடியாச்சே. இன்னும் என்ன நியூசு?"

சிரித்தார்கள். கூட்டம் கூடியதிலிருந்து முதல் சிரிப்பு. நான் சொன்னதை அவர்கள் நம்பவில்லை என்று அப்போது நினைத்தேன். நம்பினார்கள் என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்தவன் என்றால் இந்தத் தெருக்களில் இருக்கும் ஒருவன். காலையில் கரி வாங்கிக்கொண்டு, கணக்கில்லாமல் பேசிவிட்டுப் போகிறவன். அவனை எந்த வேலி போட்டுத் தடுப்பது? அயலான் என்றால் வேலி போடலாம். எங்களுக்கு ஒரு வேலி வேண்டியிருந்தது, அதற்கேற்ற கொலைகாரனைத் தேர்ந்தெடுத்துக்கொண்டோம்.

மாமி எழுந்தாள். "அந்தச் சீனத்தியின் மிஷினும் என் மிஷினும் ஒரே மாதிரி. நாளைக்கு என் வீடுதான்," என்றாள். "சந்து வாயில் கேட் போடுங்கள். இருட்டினபிறகு தெரியாத முகம் உள்ளே வந்தால் பிடித்துப் போலீசில் கொடுங்கள். சும்மா விரட்டினால் திரும்பி வருவான்."

அத்தான் கை தூக்கச் சொன்னார். முதலில் எழுந்தது அவள் கை. அதற்குப் பிறகு எண்ணிப் பார்க்க அவசியம் இருக்கவில்லை. என் கையும் அந்தக் கூட்டத்தில் இருந்தது.

மறுநாள் அத்தானும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனோம். அங்கே மேசையில் இருந்தவர் ஒரு மலாய்க்காரர். வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே அதே மேசையில் இருந்தவர். அத்தான் சொல்வதை முழுவதும் கேட்டுவிட்டு, பென்சிலைக் கீழே வைத்தார்.

"சுற்றிவரத்தான் மேலேயிருந்து உத்தரவு. பிடித்துக் கொடுக்கச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. நீங்களாகவா கேட்கிறீர்கள்?"

"ஆமாம் துவான்," என்றார் அத்தான், மலாயில் ஐயா போட்டு. "சந்தில் எல்லோரும் சேர்ந்து."

அவர் என்னைப் பார்த்தார். ஏதாவது சொல்வேன் என்று காத்திருந்ததுபோல் இருந்தது. பிறகு அத்தானிடம் சொன்னார்: "எங்களிடம் கொண்டுவந்தால் எங்களிடம் நிற்காது. மேலே போகும். அதையும் தெரிந்துகொள். பிடித்துவிட்டு விட்டுவிட்டாய் என்று கேள்விப்பட்டால், அப்புறம் உன்னைத்தான் கூப்பிடுவார்கள்."

மேலே என்றால் ஜப்பான் ராணுவப் போலீஸ் இருந்த கட்டடம் என்று மலாக்காவில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். அதன் பக்கமாக நடக்க நேர்ந்தால் சாலையின் மறுபுறம் போய்விடுவோம்.

"பரவாயில்லை துவான்," என்றார் அத்தான்.

கேட் ஒரு வாரத்தில் தயாரானது. மூங்கிலும், பழைய லாரியிலிருந்து கழற்றிய இரும்புக் கம்பியும். யாரோ அதற்குப் பச்சைச் சாயம்கூட அடித்தார்கள். அந்தப் பஞ்ச காலத்தில் சாயம் எங்கிருந்து கிடைத்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆபத்து என்றால் அடிப்பதற்குக் கோயில் மதிலில் ஒரு தகர டின்னைத் தொங்கவிட்டோம். அத்தான் பட்டையைக் கையில் கட்டிக்கொண்டார். குளிக்கும்போது மட்டும் கழற்றினார். ரோந்துக்கு ஆட்கள் முறை வருமுன்பே வந்து நின்றார்கள். பின்படிகளில் மரவள்ளி வைப்பது நின்றது. நிறுத்தச் சொல்லி யாரும் பேசவில்லை, எல்லா வீட்டிலும் ஒரே வாரத்தில் நின்றது. மாமி பின்கதவுக்கு உள்ளேயிருந்து பெரிய பூட்டு ஒன்று போட்டாள்.

பொங்கலுக்கு முந்தின நாள் வந்தது. அன்றைக்குச் செட்டி வீடுகளில் இறந்தவர்களுக்குப் படைப்பார்கள், பார்ச்சு என்பார்கள். மாமி வீட்டு வழக்கம் இது: கூடத்தில் வரிசையாக இலை போட்டு, விளக்கேற்றி, கும்பிட்டுவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்துவைத்து, வீட்டார் எல்லோரும் பின்னால் அடுப்படிக்குப் போய்விடுவார்கள். செத்தவர்கள் வந்து சாப்பிட்டுப் போகும்வரை கூடத்தில் ஆள் இருக்கக் கூடாது, எட்டிப் பார்க்கவும் கூடாது. அந்த வருஷம் கதவைத் திறப்பதா என்று மகன் கேட்டிருக்கிறான். கதவை மூடினால் அவர்கள் எப்படி வருவார்கள் என்று மாமி கேட்டிருக்கிறாள். அதுதான் கேட் இருக்கிறதே என்று முடிவாகியிருக்கிறது.

வானத்தில் இன்னும் கொஞ்சம் வெளிச்சம் இருந்தது. நான் ரோந்து முறைக்காகக் கோயில் பக்கம் போய்க்கொண்டிருந்தேன். மாமி வீட்டுக்குள்ளிருந்து அலறல் கேட்டது. பிறகு டின் சத்தம். சந்திலிருந்த அத்தனை கதவும் ஒரே நேரத்தில் திறந்தன.

நடந்ததை மருமகள் பிறகு சொன்னாள். அடுப்படியில் உட்கார்ந்திருந்தபோது பின்கதவு தட்டப்பட்டது. மெதுவாக, இரண்டு முறை. மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தார்கள். அவள் எழுந்து பாராங்கத்தியைக் கையில் எடுத்துக்கொண்டாள். தட்டல் நின்றது. கொஞ்சம் கழித்து வாசல் பக்கம் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது.

நான் உள்ளே நுழைந்தபோது அவன் இன்னும் உட்கார்ந்திருந்தான். வாசலை ஒட்டிய கடைசி இலையின் முன், சம்மணமிட்டு. வாசற்குடத்துத் தண்ணீரில் கால் கழுவியிருந்தான். ஈரத் தடம் நேராக அந்த இலைக்கு வந்து நின்றது. மற்ற இலைகள் போட்டது போட்டபடி இருந்தன. அவற்றில் மீன் இருந்தது, அவன் உட்கார்ந்த இலைக்கு மீன் வைத்திருக்கவே இல்லை. கைக்கெட்டும் தூரத்தில் வெள்ளி வெற்றிலைப் பெட்டி. அதன்மேல் அவன் விரல் படவில்லை. மிஷின் மூலையில் துணி போர்த்தி இருந்தது. மகன் தடியால் தோளில் இரண்டு அடி போட்டிருந்தான். அவன் ஓடவில்லை. வாயிலிருந்ததை மென்று விழுங்கினான். வயதைச் சொல்ல முடியாது. அந்த உடம்பில் வயது தெரியவில்லை.

கைகளைப் பின்னால் கட்டினார்கள். அத்தான் பட்டையைச் சரிசெய்துகொண்டு முன்னால் வந்தார்.

"எந்தத் தோட்டம்டா நீ?"

"அலோர் காஜா பக்கங்க."

"இந்த வீட்டுக்குள்ள ஏன் வந்த?"

"பின்னால தட்டினேங்க. முன்னெல்லாம் இங்க பின்படியில வெச்சிருப்பாங்க, ரெண்டு தடவ சாப்பிட்டிருக்கேன். இப்ப பூட்டியிருந்துச்சு. சுத்தி முன்னால வந்தேன். தெறந்திருந்துச்சு."

"படைச்ச சோறுடா அது! தெரியல உனக்கு?"

"தெரியுங்க," என்றான். குரலில் சண்டையும் இல்லை, கெஞ்சலும் இல்லை. "செத்தவங்களுக்குப் போட்டதுன்னு எலையப் பார்த்தாலே தெரியாதா? எங்க தோட்டத்து லயத்துலேருந்து சயாமுக்குப் போனவங்கள்ல நான் ஒருத்தன்தான் பாக்கி. இன்னிக்கு எங்க வீட்டுல எனக்கும் சேத்துத்தான் படைச்சிருப்பாங்க. அங்க போய்ச் சேர முடியல. இங்க உக்காந்துட்டேன்."

மாமி அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். "என்ன சொல்கிறான்?" என்று என்னைக் கேட்டாள். ஒரு சொல்லும் விடாமல் மலாயில் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தவள் நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"லெப்பாஸ்," என்றாள். "அவிழ்த்து விட்டுவிடு. அது என் மாமனார் இலை. அவர் வா என்று சொல்லாமல் இவன் அதில் உட்கார்ந்திருக்க முடியாது."

"மாமி, முதல்ல கை தூக்கினது நீங்க," என்றார் அத்தான்.

"இவனுக்காகத் தூக்கவில்லை."

"பிறகு யாருக்காக?"

கரிக்கடைக்காரனைக் கொன்றவன் இவன் என்று அங்கே ஒருவரும் நினைக்கவில்லை. இவனால் ஒரு மூட்டை அரிசியைத் தரையிலிருந்து அசைக்கக்கூட முடியாது.

நான் அத்தானை ஓரமாக இழுத்தேன். "பின்பக்கமா விட்டுடலாம் அத்தான். ஓடிட்டான்னு சொல்லிக்கலாம்."

"டின்ன அடிச்சாச்சு மாப்பிள்ளை. பெரிய ரோடு வரைக்கும் கேட்டிருக்கும்." அவர் நெற்றி வேர்த்திருந்தது. "அந்த மலாய்க்காரர் சொன்னத நீயும்தானே கேட்ட? நாளைக்கு என்னக் கூட்டிட்டுப் போனா, உங்கக்காவுக்கு நீ பதில் சொல்றியா?"

அவர் கெட்டவர் இல்லை. அவர் பயந்ததும் பொய்யான பயம் இல்லை. கொலைகாரனிடமிருந்து தப்புவதற்காக நாங்கள் கேட்டு வாங்கிய காவலுக்குத்தான் இப்போது எல்லோரும் பயந்துகொண்டிருந்தோம். சந்தில் அடுத்து யார் வாய் திறந்தாலும் அத்தான் மாட்டிக்கொள்வார். அத்தனை வாய்களும் எங்களுடையவைதான்.

ரோட்டில் நின்ற போலீஸ்காரன் கேட்டுக்கு வெளியே வந்து தட்டினான். பூட்டைத் திறக்க அத்தானுக்கு நேரமாயிற்று. நாங்கள் பிடித்துக் கூட்டிவந்திருந்தவன் கேட்டின் பச்சைச் சாயத்தைப் பார்த்தபடி பொறுமையாக நின்றான். "நல்லாப் போட்டிருக்கீங்க," என்றான் என்னிடம். கேலியா என்று முகத்தைப் பார்த்தேன். கேலியாகத் தெரியவில்லை. அந்தக் கேட்டைத் தாண்டி அவன் உள்ளே எப்படி வந்தான் என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை. மறுநாள் காலை நான் பார்த்தேன்: மாமி வீட்டுப் பின்னால் ஈரச் சேற்றில் அவன் வந்த தடம் இருந்தது. கேட் சந்தின் வாயை மட்டும் மூடியிருந்தது. பின்புறம் முழுக்கத் தென்னந்தோப்பு. அங்கே வேலியே இல்லை.

மாமி ஓடி வந்தாள். மற்ற இலைகளிலிருந்த சோறு, மீன், பலகாரம் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டி எடுத்து வந்திருந்தாள். கைகள் பின்னால் கட்டியிருந்ததால் அவனால் வாங்க முடியவில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் பொட்டலத்தை என்னிடம் நீட்டினாள், நான் போலீஸ்காரனிடம் நீட்டினேன். அவன் முகர்ந்து பார்த்துவிட்டு, "நான் கொடுத்துவிடுகிறேன்," என்று இடுக்கிக்கொண்டான்.

அன்றிரவு சந்து நன்றாகத் தூங்கியது. இதை எழுதத்தான் கூச்சமாக இருக்கிறது. கொலை நடந்த நாளிலிருந்து இரவில் இருமல்களும் தாழ்ப்பாள் சரிபார்க்கும் சத்தங்களும் கேட்டுக்கொண்டே இருந்தன, அன்றைக்கு இல்லை. அடுத்த சில நாட்களில் பெண்கள் இருட்டிய பிறகும் கிணற்றடிக்குப் போனார்கள். அக்கா, "இப்பத்தான் மனசுக்குக் கொஞ்சம் நிம்மதியா இருக்கு," என்றாள். பிடிபட்டவன் கொலைகாரன் இல்லை என்று அவளுக்குத் தெரியும். நானே அவளிடம் சொல்லியிருந்தேன். தெரிந்திருந்தும் நிம்மதி வந்தது, எனக்கும்தான் வந்தது. பார்த்ததும் கேட்டதும் ஒரே வாக்கியத்தில் வரக்கூடாது என்று பழகியவன் நான். என் உடம்பு அந்த இரவில் எதையும் பிரித்துப் பார்க்காமல் விடியும்வரை தூங்கியது. கரிக்கடையில் மூன்றாவது கோப்பையில் குடித்தவன் எங்கே தூங்கினானோ, அவனும் அதே நிம்மதியோடு தூங்கியிருப்பான். அவன் யார் என்று கடைசிவரை தெரியவில்லை. தெரிந்துகொள்ளும் ஆசையும் சந்தில் யாருக்கும் மிச்சமில்லை.

சில நாள் கழித்து அந்த மலாய்க்காரரைச் சந்தைக்கு வெளியே பார்த்தேன். கேட்பதற்கு முன்பே தெரிந்துகொண்டார். "மேலே போகும் என்று சொன்னேனே," என்றார். அவ்வளவுதான். என்னைத் தாண்டிப் போன பிறகு திரும்பி, "இன்னும் இரண்டு சந்துக்காரர்கள் வந்து இதேபோல் கேட்டார்கள்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அடுத்த பார்ச்சும் வந்தது. ஜப்பான்காரன் இன்னும் போகவில்லை. கேட்டின் சாயம் உரிந்திருந்தது. அரிசி இன்னும் குறைந்திருந்தது. மாமி மரவள்ளியைத் துருவி அரிசியோடு கலந்து படைத்தாள். கும்பிட்டுவிட்டு, வாசல் கதவின் இரண்டு பலகைகளையும் சுவரோடு ஒட்டத் திறந்துவைத்தாள். உள்ளே போவதற்கு முன் பின்கதவுப் பூட்டையும் கழற்றிக் கொண்டுவந்து வாசற்படியில் வைத்தாள், நாங்கள் பார்க்கும்படி.

ரோந்தில் அன்றைக்கு அத்தானும் நானும். "மாமி, கதவு திறந்திருக்கு!" என்று அவர் வழியிலிருந்தே குரல் கொடுத்தார்.

"தெரியும்," என்று உள்ளேயிருந்து பதில் வந்தது.

"பயப்படாதீங்க. நாங்க இங்கதான் இருக்கோம்."

அத்தான் என்னை வாசலுக்கு எதிரே நிறுத்திவிட்டுத் தோப்புப் பக்கம் போனார். அங்கேயும் இப்போது முள்வேலி போட்டிருந்தோம். கூடம் முழுவதும் எனக்குத் தெரிந்தது. விளக்கு எரிந்தது. இலைகளில் ஆவி அடங்கிக்கொண்டிருந்தது. காலையிலிருந்து நான் ஒரு துண்டு கிழங்குதான் சாப்பிட்டிருந்தேன். கடைசி இலை வாசலை ஒட்டி, போன வருஷம் இருந்த அதே இடத்தில் இருந்தது. அதற்கு யாரும் வந்துவிடாமல் பார்த்துக்கொண்டு, தடியை ஊன்றி நின்றேன். யாரும் வரவில்லை.